தாத்தா காலத்து பெட்ரோமாக்ஸில் காற்று ஏறவில்லை, ஏறினாலும் மஞ்சளாக எரிகிறது: ஏன்?

முதலில் பம்புத் தண்டைக் கழற்றிப் பாருங்கள். பல வருஷம் சும்மா கிடந்ததில் நுனியிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். ஒரு இரவு எண்ணெயில் ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துவிட்டு மாட்டுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நல்ல தோல் அது.

மஞ்சள் தீக்குக் காரணம் வேறு. குழாய் போதிய அளவு சூடேறாததால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே மேண்டிலுக்கு, அதாவது ஒளிரும் வலைத்துணிக்கு, போகிறது. குழாயைச் சூடாக்க முதலில் பற்றவைக்கும் ஸ்பிரிட் எரிந்து முடியும் தறுவாயில்தான் பம்பு அடிக்க வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் நிப்பிளில், அதாவது ஆவி வெளிவரும் சிறு துளையில், அடைப்பு இருக்கும்.

பற்றவைக்கும் முன் காற்றேற்றி, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் விளக்கைப் பற்றவைக்கவே கூடாது. அப்புறம், பழைய மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. உதிர்ந்த சாம்பலை வாயால் ஊதாதீர்கள்.