ஏகாதிபத்திய எதிர்ப்பும் இஸ்லாமிய இயக்கங்களும் – கடிதம்

அன்புள்ள தோழருக்கு,

ஈரான் மீதான குண்டுவீச்சைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கண்டனம் சரி. ஆனால் அடுத்த பத்தியிலேயே ஈரானியச் சிறைகளில் இருக்கும் பெண்களைப் பற்றியும் தூக்குத் தண்டனைகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கு அமெரிக்காவையும் இஸ்ரேலையும் களத்தில் நின்று எதிர்ப்பது யார்? பாலஸ்தீனத்தின் ஹமாஸ், லெபனானின் ஹெஸ்பொல்லா, ஏமனின் ஹூதிகள், அவர்களுக்குப் பின்னால் ஈரான். உலக இடதுசாரிகள் கருத்தரங்கு நடத்துகிறார்கள், அறிக்கை விடுகிறார்கள், அவ்வளவுதான். சண்டை போடுகிறவரிடம் போய் உங்கள் பெண்ணுரிமைக் கொள்கை என்ன, மதச்சார்பின்மை என்ன என்று கேட்பது ஐரோப்பிய மேட்டிமைத்தனம் இல்லையா? போர் நடக்கும்போது செய்யும் விமர்சனம் எதிரிக்குத்தானே உதவும்? முதலில் ஏகாதிபத்தியம் விழட்டும், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. கடைசியாக நேரடியாக ஒரு கேள்வி. பாலஸ்தீன ஆதரவு ஊர்வலத்தில் ஒருவர் ஹெஸ்பொல்லா கொடியோடு வந்தால் அவரோடு நடப்பீர்களா, விலகிப் போவீர்களா?

தோழமையுடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. முஸ்லிம் நாடுகளின் விடுதலைப் போராட்டங்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே இடதுசாரிகள் துரோகம் செய்த வரலாறு இருக்கிறது, அதை மறைக்க முடியாது. மொராக்கோவின் ரிஃப் மலைப்பகுதியில் அப்துல் கரீம் ஸ்பெயினையும் பிரான்ஸையும் எதிர்த்துப் போரிட்டார். அவர் ஒரு காழியின் (இஸ்லாமிய நீதிபதியின்) மகன், தானும் காழியாக இருந்தவர். பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி 1924-ல் அவருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பியது, 1925 அக்டோபர் 12 அன்று அந்தப் போரை எதிர்த்து வேலைநிறுத்தத்துக்கே அழைப்பு விடுத்தது. அவருடைய மதம் யாருக்கும் இடைஞ்சலாகத் தெரியவில்லை. ஆனால் அதே கட்சிதான் 1956 மார்ச்சில், அப்போது பிரெஞ்சுக் காலனியாக இருந்த அல்ஜீரியாவை ஒடுக்குவதற்குப் பிரதமர் கி மொல்லேயின் அரசு கேட்ட சிறப்பு அதிகாரங்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவாக வாக்களித்தது. அல்ஜீரிய விடுதலை முன்னணியின் 1954 நவம்பர் 1 பிரகடனம் 'இஸ்லாமியக் கோட்பாடுகளின் வரம்புக்குள்' ஓர் அரசை அமைப்போம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த முன்னணியில்தான் ஐரோப்பிய வம்சாவளித் தொழிலாளியும் கம்யூனிஸ்டுமான பெர்னாண் இவ்தோன் சேர்ந்தார். ஆளில்லாத நேரத்தில் வெடிக்கும்படி வைத்த, கடைசியில் வெடிக்கவே செய்யாத ஒரு குண்டுக்காக 1957 பிப்ரவரி 11 அன்று அவரைக் கில்லட்டினில் கொன்றார்கள். இந்த விஷயத்தில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு நாட்டின் மீது குண்டு விழும்போது, அங்கே ஆட்சியில் இருப்பது யார், ஆயுதம் எடுத்திருப்பது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் கண்டிப்பேன் என்பவரை நான் இடதுசாரியாகவே எண்ணுவதில்லை.

நீங்கள் இதோடு நிற்கவில்லை. 'மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்கிறீர்கள். இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

ஈரானில் 1978-ன் கடைசி மாதங்களில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் மன்னர் ஷாவின் குரல்வளையைப் பிடித்தார்கள். ஷா ஓடினார், மதத்தலைவர் கொமேனி வந்தார். சில வாரங்களிலேயே அலுவலகங்களில் பெண்கள் தலையை மூடிக்கொண்டுதான் வரவேண்டும் என்றார். 1979 மார்ச் 8 அன்று தெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கினார்கள், அடுத்த சில நாட்களும் விடவில்லை. இவர்களில் ஷாவுக்கு எதிராக நடந்த ஊர்வலங்களில் சாதர் என்ற முழு உடல் போர்வையை அணிந்து நடந்தவர்களும் உண்டு. 'விடுதலை கிழக்குக்கும் சொந்தமில்லை, மேற்குக்கும் சொந்தமில்லை, அது உலகத்துக்குச் சொந்தம்' என்பது அவர்கள் எழுப்பிய முழக்கங்களில் ஒன்று. ஐரோப்பிய மேட்டிமைத்தனம் என்று நீங்கள் எழுதிய வார்த்தையை அந்தப் பெண்களின் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு இடதுசாரி அமைப்புகளில் பெரும்பாலானவை அவர்களைக் கைவிட்டன. ஏகாதிபத்தியம்தான் முதல் பிரச்சினை, முக்காடு அப்புறம் என்று சொல்லிவிட்டன.

ஈரானியக் கம்யூனிஸ்டுகளின் தூதே கட்சி கொமேனியை ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் என்று கடைசி வரை தாங்கிப் பிடித்தது. இடதுசாரி ஆயுத அமைப்பான ஃபிதாயீன் 1980-ல் இரண்டாக உடைந்தது, பெரும்பான்மைப் பிரிவு அரசின் பக்கம் போனது. 1981-ல் மற்ற இடதுசாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இவர்கள் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. 1983-ல் முறை இவர்களுக்கு வந்தது. தூதே தடை செய்யப்பட்டது, அதன் தலைவர் கியானூரியைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்து 'ஒப்புக்கொள்ள' வைத்தார்கள். பிறகு 1988 கோடைகாலம். ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த கைதிகளை ஒவ்வொருவராக ஒரு குழுவின் முன் நிறுத்தினார்கள். இடதுசாரிக் கைதிகளிடம் கேட்டது இப்படி: நீ முஸ்லிமா? தொழுகிறாயா? உன் அப்பா தொழுவாரா? கடைசிக் கேள்வி எதற்கு என்றால், தொழுகிற தகப்பனிடம் முஸ்லிமாக வளர்ந்து பிறகு விலகியவன் மதத்தைத் துறந்தவன் ஆகிறான், அதற்குத் தண்டனை மரணம். அப்பா தொழாதவர் என்று சொன்னவன் உயிர் பிழைக்க வாய்ப்பு இருந்தது. அது தெரியாமல் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் 'ஆமாம், தொழுவார்' என்று சொன்னவனுக்குத் தூக்கு. இடதுசாரிப் பெண்களைத் தூக்கிலிடவில்லை, தொழச் சம்மதிக்கும்வரை ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் சாட்டையால் அடித்தார்கள். அந்தக் கோடையில், அரசை எதிர்த்த முஜாஹிதீன்-இ-கல்க் அமைப்பினரும் இடதுசாரிகளுமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தெஹ்ரானின் தென்கிழக்கில் காவரான் என்ற வெற்றுநிலத்தில் பலரைப் பெயரோ கல்லோ இல்லாமல் புதைத்தார்கள். தாய்மார்கள் பூக்களோடு அங்கே போய்க்கொண்டே இருந்தார்கள், காவலர்கள் அவர்களை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் 'அப்புறம்' அந்த நிலத்தில்தான் கிடக்கிறது, ர.

களத்தில் இடதுசாரிகள் எங்கே என்று கேட்டீர்கள். லெபனானை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் இஸ்ரேலிய ராணுவம் பெய்ரூட்டுக்குள் நுழைந்தபோது, செப்டம்பர் 16 அன்று லெபனான் தேசிய எதிர்ப்பு முன்னணியை அறிவித்தது கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் கூட்டாளிகளும். ஹெஸ்பொல்லா தன்னை முறையாக உலகுக்கு அறிவித்தது 1985-ல். எதிர்ப்பு ஒரே ஒரு கட்சியின் சொத்தாகச் சுருங்கியது அதற்குப் பிறகுதான், தானாகவும் அது நடக்கவில்லை. 1987 பிப்ரவரியில் லெபனான் கம்யூனிஸ்ட் கட்சியின் சிந்தனையாளர் ஹுசைன் மரூவே தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இளவயதில் மதகுருவாவதற்காக நஜஃபுக்குப் படிக்கப் போய், பிறகு மார்க்சியரானவர். சாகும்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். மூன்று மாதம் கழித்து அதே கட்சியின் தத்துவவாதி மஹ்தி ஆமில் பெய்ரூட் தெருவில் சுடப்பட்டார். கொன்றவர்கள் யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. தோழர்கள் கைகாட்டியது இஸ்லாமிய ஆயுதக் குழுக்களை. இத்தனைக்குப் பிறகும் 2006-ல் இஸ்ரேல் லெபனான் மீது போர் தொடுத்தபோது கம்யூனிஸ்டுகள் அதை எதிர்த்து நின்றார்கள், அவர்களில் சிலர் உயிரையும் கொடுத்தார்கள். தங்கள் தோழர்களைக் கொன்றது யார் என்பதை மறக்காமலே அதைச் செய்தார்கள். நான் படிக்க விரும்பும் பாடம் இவர்களிடம்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லா இஸ்லாமிய இயக்கத்தையும் ஒரே கூடையில் போட்டு 'அடிப்படைவாதம்' என்று எழுதி ஒட்டிவிடுவது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் பணத்தில் வளர்ந்த முஜாஹிதீன்களும், தங்கள் மண்ணில் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் ஹமாஸும், எல்லோரையும் காஃபிர் என்று கொன்ற ஐஎஸ்ஸும் ஒன்று என்பவருக்கு அரசியல் தெரியாது. 1920-ல் அகில இஸ்லாமியத்தை, அதாவது உலக முஸ்லிம்கள் ஒன்றுபட வேண்டும் என்ற இயக்கத்தை, எதிர்த்துப் போராட வேண்டும் என்று உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம் தீர்மானம் போட்டது. இரண்டு ஆண்டு கழித்து மாஸ்கோ மாநாட்டில் இந்தோனேசியாவின் ஜாவா பிரதிநிதியாக வந்த தான் மலாக்கா எழுந்து அதை மறுத்துப் பேசினார். இன்றைக்கு அந்தச் சொல் அடிமைப்பட்ட முஸ்லிம் மக்களின் விடுதலைப் போராட்டத்தைத்தான் குறிக்கிறது, சாரேகாத் இஸ்லாம் என்ற முஸ்லிம் மக்கள் இயக்கத்தின் தலைவர்களை நம் ஆட்கள் தாக்கிப் பேசிய பேச்சை வைத்தே, கம்யூனிஸ்டுகள் மதத்தை ஒழிக்க வந்தவர்கள் என்று அரசின் ஆட்கள் விவசாயிகளிடம் சொல்லி நம்மைத் தனிமைப்படுத்திவிட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அவர் கேட்டது சேர்ந்து போராடுவதற்குத்தான். உங்கள் கட்சியைக் கலைத்துவிட்டு அவர்கள் பின்னால் போங்கள் என்று அவர் சொல்லவில்லை.

2023 அக்டோபர் 7 பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதியாக வேண்டும். ஆக்கிரமிப்பை ஆயுதத்தோடு எதிர்க்கும் உரிமை பாலஸ்தீனர்களுக்கு உண்டு. வீட்டில் இருந்தவர்களையும் இசை விழாவுக்குப் போனவர்களையும் கொல்வதும், குழந்தைகளையும் முதியவர்களையும் பிணையாக இழுத்துப்போவதும் அந்த உரிமைக்குள் வராது. அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். அதன் பேரில் இஸ்ரேல் காஸாவில் நடத்திய படுகொலையில் இறந்தவர்கள் 60,000-க்கும் மேல் என்கிறது காஸா சுகாதார அமைச்சகம். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதன் கனம் குறைந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொள்கிறவர்களைத்தான் எதிரிக்கு வசதியான ஆட்கள் என்பேன்.

இப்போது உங்கள் முக்கியமான குற்றச்சாட்டு, போர்க்காலத்தில் செய்யும் விமர்சனம் எதிரிக்கு உதவும் என்பது. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கிக்கொண்டிருந்த நாட்களில், தெஹ்ரானின் எவின் சிறையிலிருந்த பெண் அரசியல் கைதிகள் சிலர் ஓர் அறிக்கையை வெளியே அனுப்பினார்கள். இஸ்ரேலின் தாக்குதலைக் கண்டித்தார்கள். தங்களைச் சிறையில் போட்ட அரசிடமிருந்து விடுதலை மக்கள் போராட்டத்தால்தான் வரும், அந்நிய சக்திகளால் வராது என்றார்கள். பிறகு ஜூன் 23 அன்று இஸ்ரேல் எவின் சிறையின் மீதே குண்டு போட்டது. கைதிகள், ஊழியர்கள், பார்க்க வந்த உறவினர்கள் என்று 70-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தப்பிப் பிழைத்த கைதிகளுக்கு விலங்கு மாட்டி அதைவிட மோசமான சிறைகளுக்கு மாற்றியது ஈரான் அரசு. மேலே இருந்து இஸ்ரேலின் குண்டு, கையில் ஈரானின் விலங்கு. அந்தப் பெண்கள் அதற்கு முன்பே இரு தரப்பையும் எதிர்த்து ஒரே அறிக்கையில் எழுதியிருந்தார்கள். ஆபத்து எதுவும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எழுதும் எனக்கு, அதில் ஒன்றை மட்டும் சொல் என்று நீங்கள் அறிவுரை தருகிறீர்கள்.

நான் ஒரு நிலைப்பாட்டுக்கு வருவது இப்படித்தான். அந்த நாட்டில் சங்கம் கட்டியதற்காகச் சிறைக்குப் போனவர், அந்த நாட்டுப் பெண்ணியவாதி, அந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் தேடிப் படிப்பேன். ஈரானின் ஹஃப்த் தப்பே கரும்பாலைத் தொழிலாளர்கள் 2018-ல் சம்பள பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய தலைவர்களைப் பிடித்து அடைத்ததும் ஏகாதிபத்திய எதிர்ப்பு பேசுகிற இதே அரசுதான். அமெரிக்கப் பொருளாதாரத் தடையில் அதிகம் வதைபடுகிறவர்களும் அந்தத் தொழிலாளர்களே. தடையை நீக்கு என்பதையும் தொழிலாளியை விடுதலை செய் என்பதையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

சரி, உங்கள் கொடிக் கேள்வி. நான் பாலஸ்தீனக் கொடியைத்தான் பிடிப்பேன், எந்தக் கட்சியின் கொடியையும் பிடிக்க மாட்டேன். ஹெஸ்பொல்லா கொடியோடு வருகிறவர் தன் ஊர் குண்டுவீச்சில் அழிந்ததைப் பார்த்தவராக இருக்கலாம். அவரைப் போலீஸிடம் காட்டிக்கொடுப்பதோ ஊர்வலத்தைவிட்டு விரட்டுவதோ என் வேலை இல்லை, பக்கத்தில் நடப்பேன். மரூவேயைப் பற்றி அவரிடம் பேசவும் பேசுவேன். ஆனால் ஊர்வலம் முடிந்து கூட்டம் நடக்கும்போது, ஈரானிலிருந்து தப்பி வந்த ஒரு தோழர் மேடையில் ஐந்து நிமிடம் கேட்டு, 'இப்போது வேண்டாம், ஒற்றுமை குலைந்துவிடும்' என்று ஏற்பாட்டாளர்கள் மறுத்தால், அன்றே அந்த மேடையில் வைத்து அவர்களோடு சண்டை போடுவேன்.