பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சைக்கிள்: வேலைக்குப் போவோர் கேள்வி பதில்

வாளையார், கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று தமிழ்நாடு, கேரள எல்லையின் இரு பக்கமும் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டவை இவை. பலரிடம் இருப்பது கம்பி பிரேக் வைத்த 28 இஞ்ச் வண்டி என்பதால் அதை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறேன்.

வாளையார்: காலையில 12 கிலோமீட்டர் போகணும், கஞ்சிக்கோட்டுல கம்பெனி. மத்த மாசம் முக்கால் மணி நேரம், ஆனி ஆடி வந்தா ஒண்ணேகால் மணி நேரம் ஆகுதுங்கண்ணா. கால் விட்டுப் போகுது. கியர் வண்டி வாங்கினாத்தான் தீருமா?

வாங்க வேண்டியதில்லை தம்பி. உங்கள் வண்டியில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் பாதிக் கஷ்டம் தீரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று இதன் வழியாகப் பலமாக நுழைகிறது. நீங்கள் அதற்கு நேர் எதிரே போகிறீர்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் படுவதும் 15தான். எதிர்க்காற்று 20 என்றால் படுவது 35. தடை ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். வேகத்தை 10க்குக் குறைத்தால் நான்கு மடங்கு. வேகமும் குறைவதால் கால் கொடுக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கில் நிற்கும். அதனால் எதிர்க்காற்று நாளில் வழக்கமான வேகத்தைப் பிடிக்கப் போராடுவது வீண். 12 கிலோமீட்டருக்கு 10 வேகத்தில் 72 நிமிடம் பிடிக்கும். உங்கள் ஒண்ணேகால் மணி நேரம் சரியான கணக்குதான். அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

கால் விட்டுப் போவது வேறு காரணத்தால். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். 10 வேகத்தில் நிமிடத்துக்கு 31 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியும் எடை தூக்குவது போல இருப்பதால் முட்டிக்குக் கேடு. பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலை 22 பல் உள்ளதாக மாற்றிப் போட்டால் மிதிக்கு 4.4 மீட்டர் ஆகி, அதே வேகத்தில் 38 மிதி வரும். ஒரு மிதியில் விழும் பாரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். பின்காற்றில் வீட்டுக்கு வரும்போது கால் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான் நஷ்டம்.

பிரீவீலை அதற்கான டூல் போட்டுத்தான் கழட்டச் சொல்லுங்கள். உளி வைத்துத் தட்டினால் ஹப் மரை போய்விடும். புதியதைத் திருகும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். நான்கு பல் கூடுவதால் பின் அச்சு அரை இஞ்ச் முன்னே வரும். அதற்கு இடம் இல்லையென்றால் செயினில் ஒரு இஞ்ச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் மொத்தம் அரை இஞ்ச் தொய்வு இருக்கட்டும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கோபாலபுரம்: நான் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குப் போறவன். காலையில தள்ளிவிட்ட மாதிரி போயிடறேன், சாயங்காலம் திரும்பறதுதான் நரகம்.

உங்களுக்கு வாளையார்க்காரருக்கு நேர் எதிர். அதிலும் சிரமமான பாதி உங்களுடையது. வெயில் ஏற ஏறத் தரைக்காற்று வலுக்கும், பொழுது சாய்ந்த பிறகு தணியும். அதிகாலை எதிர்க்காற்றை விட மாலை நான்கு மணி எதிர்க்காற்று பலமானது. ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்ப முடிந்தால் நல்லது, பின்விளக்கு இருந்தால் மட்டும். பிரதான சாலைக்கு இணையாகத் தென்னந்தோப்புக்குள் போகும் ஊர்வழி இருந்தால், இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் அதில் திரும்புங்கள். தோப்பு காற்றை நன்றாகவே உடைக்கும். ஆனால் ஆடியில் மட்டையும் காயும் விழும் என்பதால் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இளைப்பாற வேண்டாம்.

கார்த்திகையில் கதை மாறும். மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கிழக்குக் காற்று தை வரை வீசும். அப்போது உங்களுக்குக் காலையில் எதிர்க்காற்று, வாளையார்க்காரருக்கு மாலையில்.

கே.ஜி. சாவடி: நாலுவழிச் சாலையில் லாரி தாண்டும்போது வண்டி உள்ளே இழுக்கிறது. ஓரமாக ஒட்டிப் போனால் பாதுகாப்பா?

ரொம்ப ஒட்டினால் ஆபத்து கூடும். பக்கக்காற்று உங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும், நீங்கள் அதற்குச் சாய்ந்து ஓட்டுவீர்கள். லாரி தாண்டும் நொடியில் அந்தக் காற்று அடைபட, சாய்ந்த பக்கமே வண்டி போகும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறையும். இந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில்தான் போக வேண்டும். கையில் குடை பிடித்து ஓட்டுவது இந்தச் சாலையில் கூடவே கூடாது.

வேலந்தாவளம்: வாரம் ஒரு பஞ்சர். டயர் புதுசு. ஒட்டின மறுநாளே மறுபடி இறங்குகிறது.

ஓட்டை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று முதலில் பாருங்கள். டியூபைக் கழட்டும்போது வால்வை அடையாளமாக வைத்து, ஓட்டை டயரில் எந்த இடத்துக்கு நேரே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் குற்றவாளி இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு வகை. ஒன்று சீமைக்கருவேல முள். முனை உடைந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். இன்னொன்று வெடித்த லாரி டயரிலிருந்து சாலையில் சிதறும் எஃகுக் கம்பி, தலைமுடி கனம்தான். விரலால் தேடினால் குத்தும், கண்ணுக்குத் தெரியாது. டயரின் உள்பக்கம் பழைய பருத்தித் துணியைச் சுற்றி இழுத்தால் நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும். நகவெட்டியால் பிடித்து இழுங்கள்.

ஒட்டும்போது அவசரப்படுவதுதான் மறுநாள் இறங்கக் காரணம். உப்புத்தாளால் ஒட்டுத் துண்டை விடப் பெரிய வட்டமாகத் தேய்த்து, தூள் துடைத்து, சொலூஷனை மெல்லிய பூச்சாகத் தடவி, ஈரப் பளபளப்பு போகும் வரை மூன்று நான்கு நிமிடம் விட வேண்டும். காய்வதற்குள் ஒட்டினால் பிடிக்காது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

டியூபில் ஓட்டையே இல்லையென்றால் வால்வில் மாட்டும் ரப்பர்க் குழாயான வால் டியூபைச் சந்தேகியுங்கள். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழ் வரும். அந்தச் சின்ன ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். இரண்டு இஞ்ச் வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

காற்று எவ்வளவு என்று பலர் கேட்டார்கள். 28 இஞ்ச் ஒன்றரை டயருக்கு 50 முதல் 55 பவுண்டு, 26 இஞ்ச் தடித்த டயருக்கு 40 முதல் 50. பின் டயருக்கு முன்னதை விட ஐந்து கூடுதல். டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. வாரம் ஒரு முறை அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர், எதிர்க்காற்றுக்கு மேல் இன்னொரு சுமை.

கொழிஞ்சாம்பாறை: மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை "டக்" என்று சத்தம். கடையில் பால்ரஸ் மாற்றியும் போகவில்லை.

குண்டு மாற்றும் முன் காட்டர் பின்னைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா. கிராங்கை அச்சோடு பிடித்து நிறுத்தும் ஆப்பு அதுதான். சோதனை எளிது. கிராங்கு இரண்டையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, பின் பிரேக்கைப் பிடித்து, இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். அரைச் சுற்று சுற்றி மறுபடி அழுத்துங்கள். ஏதாவது ஒரு கிராங்கு லேசாக இறங்கினால் அந்தப் பக்கப் பின் தேய்ந்திருக்கிறது.

தளர்ந்த பின்னை நட் முறுக்கிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். நட் பின்னை உள்ளே இழுப்பதற்கு அல்ல, வெளியே வராமல் காப்பதற்குத்தான். மேலும் முறுக்கினால் மரை அறுந்துவிடும். புதுப் பின் போடுங்கள். அதன் சரிந்த முகம் அச்சின் வெட்டோடு முழுசாகப் படிய வேண்டும். படியவில்லை என்றால் அரத்தால் சமமாக ராவ வேண்டும். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, மேலிருந்து சுத்தியால் நான்கு அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் குண்டுகளில் இறங்கி, புதிதாகப் போட்ட பால்ரஸ் கெட்டுப்போகும். பிறகு நட். முப்பது கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி தட்டி, நட் இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கலை விட்டதால்தான் முக்கால்வாசிப் பின்கள் வீணாகின்றன.

பின் இரண்டையும் போடும் திசையும் முக்கியம். வலது கிராங்கு கீழே தொங்கும்போது அதன் நட் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இடது கிராங்கு கீழே வரும்போது அதன் நட்டும் அதே பக்கம் பார்க்க வேண்டும். மாறினால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது.

பொள்ளாச்சி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் எப்போதும் இருக்கிறது.

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் செயினுக்குள் கட்டியாக நிற்கும். நார்த்தூளையும் பிடித்துவைக்கும். வண்டிகளில் வடித்த பழைய ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும். புது இன்ஜின் ஆயில் ஒரு உருளைக்கு ஒரு சொட்டு போதும். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் பிரீவீலுக்கு நல்லது, மழைக்காலச் செயினுக்கு மெல்லியது. ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: 12 இஞ்ச் இருக்க வேண்டிய நீளம் பன்னிரண்டே அரைக்கால் ஆகிவிட்டால் செயினை மாற்றுங்கள்.

கஞ்சிக்கோடு: மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

இரும்பு ரிம் நனைந்தால் அப்படித்தான். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக உரச விட்டு நீரை வழித்து, அப்புறம் அழுத்துங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும் முன் மாற்றுங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். மழைக்கோட்டு சட்டையும் பேண்ட்டுமாக இரண்டு துண்டாக வாங்குங்கள். போர்வை மாதிரி மேலே போட்டுக்கொள்வது இந்தக் காற்றில் கப்பல் பாய் போல விரிந்து வண்டியைத் தள்ளும்.

எட்டிமடை: துப்பட்டா சக்கரத்தில் சிக்கிவிடுமோ என்று பயம். முட்டியும் வலிக்கிறதுங்கண்ணா.

பயம் நியாயமானது அம்மணி. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் வலை மாட்டுங்கள், முழுச் செயின் கவர் வையுங்கள். மூன்றும் சேர்ந்தே வேண்டும். முட்டிக்குச் சீட் உயரத்தைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தியிருப்பீர்கள், முட்டி வலி பெரும்பாலும் அதனால்தான். நாளுக்கு அரை இஞ்சாக உயர்த்துங்கள். இரண்டு வாரத்திலும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாளையார்: நைட் ஷிப்ட் முடிஞ்சு விடியக்காலை வரும்போது யானை நின்னா என்ன பண்றது?

தூரத்திலேயே நின்றுவிடுங்கள். பெல் அடிக்காதீர்கள், டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், இடுக்கில் புகுந்து போய்விடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். வந்த வழியே திரும்பி, அடுத்து வரும் பஸ்ஸையோ லாரியையோ நிறுத்தித் தகவல் சொல்லி, யானை சாலையை விட்டு விலகிய பிறகு அவர்களோடு கடந்து வாருங்கள். குட்டி தெரிந்தால் இன்னும் பின்னே போங்கள். கூட்டத்தில் மற்ற யானைகள் சாலையின் மறுபக்கம் இருக்கலாம்.

கோபாலபுரம்: டைனமோ பல்பு அடிக்கடி பியூஸ் ஆகிறது.

பின் பல்பு எரிகிறதா பாருங்கள். 6 வோல்ட் டைனமோவின் மின்சாரத்தை இரண்டு பல்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. பின் பல்பு போனால் முழுவதும் முன் பல்புக்குப் போய், வேகமாக மிதிக்கும்போது அதுவும் பியூஸ் ஆகும். மழையில் டைனமோ உருளை டயரில் வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் நிற்கும். ஆகவே பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைக் கேரியருக்குக் கீழே மாட்டிவிடுங்கள். முன்விளக்கின் ஒளி எட்டு முதல் பத்து மீட்டர் தூரத்தில் தரையில் விழுமாறு சாய்த்து வைத்தால் குழியும் தெரியும், எதிரே வருபவர் கண்ணும் கூசாது.