நாற்காலியின் செல்வாக்கும் ஆளின் செயலும்

கேள்வி: பிரிட்டிஷ் பிரதமர்களில் வின்ஸ்டன் சர்ச்சிலைவிடக் கிளமென்ட் அட்லியே செயல்திறன் மிக்கவர் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சர்ச்சிலை உலகமே அறியும். அட்லியின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? செல்வாக்கே இல்லாத ஒருவரைச் சிறந்த தலைவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? நம் விடுதலையை எதிர்த்தவர் சர்ச்சில், கொடுத்தவர் அட்லி என்பதால் வந்த சாய்வுதானே இது?
— வாசகர் ஒருவர், மதுரை

பதில்: செல்வாக்கையும் செயல்திறனையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்துக் கேட்கிறீர்கள். முடிச்சை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

1945 ஜூலை 17 அன்று பெர்லினுக்கு அருகே போட்ஸ்டாமில் மூன்று வல்லரசுகளின் மாநாடு தொடங்கியது. சோவியத் யூனியனின் ஸ்டாலின், அமெரிக்காவின் ட்ரூமன், பிரிட்டனின் சர்ச்சில் ஆகிய மூவரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து தோற்ற ஜெர்மனியை என்ன செய்வது, போலந்தின் எல்லையை எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதே சமயத்தில் பிரிட்டனில் தேர்தல் முடிந்து, வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர்வதற்காக எண்ணிக்கை தள்ளிவைக்கப்பட்டிருந்தது. முடிவைத் தெரிந்துகொள்ள லண்டனுக்குப் போன சர்ச்சில் மாநாட்டுக்குத் திரும்பவில்லை. 640 இடங்களில் 393 இடங்களை அட்லியின் தொழிலாளர் கட்சி வென்றது. ஜூலை 28 அன்று சர்ச்சில் அமர்ந்திருந்த நாற்காலியில் அட்லி வந்து அமர்ந்தார். மேசை மாறவில்லை, பேசிய விஷயங்கள் மாறவில்லை, பிரிட்டனின் நிலைப்பாடும் பெரிதாக மாறவில்லை. அந்த மேசையில் பிரிட்டனின் சொல்லுக்கு இருந்த எடை அதன் படையிலிருந்தும் பேரரசிலிருந்தும் வந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த எடை அவருக்குக் கிடைத்திருக்கும். உலகத் தலைவர்களின் செல்வாக்கு என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இப்படி நாற்காலி கொடுப்பதுதான். ஒருவரை எடைபோடும்போது அதை முதலில் கழித்துவிட வேண்டும்.

கழித்த பிறகும் சர்ச்சிலிடம் நிறைய மிஞ்சும் என்பதை நான் மறுக்கவில்லை. பதவியை இழந்து எட்டு மாதங்கள் கூட ஆகாத நிலையில், 1946 மார்ச் 5 அன்று, அமெரிக்காவில் ஃபுல்டன் என்ற சிற்றூரின் கல்லூரி ஒன்றில், சோவியத் பிடியிலிருந்த கிழக்கு ஐரோப்பாவை மேற்கிலிருந்து பிரித்த கோட்டுக்கு அவர் சொன்ன 'இரும்புத் திரை' என்ற இரண்டு சொற்கள் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பாவைப் பற்றி உலகம் பேசும் முறையையே தீர்மானித்தன. அன்று அவர் எதிர்க்கட்சித் தலைவர் மட்டுமே. நாற்காலியின் துணையில்லாமல் ஒருவருக்கு இருக்கும் இந்தப் பிடிப்பைத்தான் நான் உண்மையான செல்வாக்கு என்பேன். இதில் அட்லி அவருக்கு ஈடாகவே மாட்டார். அட்லி சுருக்கமாகப் பேசுவார், மேடையை அதிர வைக்க மாட்டார், கூட்டத்தில் தனியாகத் தெரியவும் மாட்டார்.

செயல்திறனுக்கு வேறு அளவுகோல் வேண்டும். ஒரு தலைவர் செய்ததை, அதை எதிர்த்து வாக்களித்தவர்களே பிறகு ஆட்சிக்கு வந்தபோது கலைக்க முடிந்ததா, முடியவில்லையா என்பதே என் அளவுகோல். புகழ்மாலைகளையும் கருத்துக்கணிப்புகளையும் நம்புவதைவிட எதிரியின் கையில் சோதித்துப் பார்ப்பது நேர்மையானது.

1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில், எல்லாருக்கும் கட்டணமின்றி மருத்துவம் தரும் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. அதற்கு முந்தைய நிலையைத் தெரிந்துகொண்டால்தான் அந்த நாளின் பொருள் விளங்கும். 1911இல் வந்த காப்பீட்டுச் சட்டம் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு மருத்துவரைக் காட்டியது. அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டவில்லை. மருத்துவருக்குக் கொடுக்கும் காசு அடுப்புக்கு ஆகும் என்று எண்ணிப் பெண்கள் நோயை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டார்கள். சேவை தொடங்கிய முதல் சில மாதங்களில் மருத்துவர்களின் அறைகளுக்கு வந்தவர்களில், கருப்பை இறங்கியும் புண் ஆறாமலும் பல ஆண்டுகள் அப்படியே வீட்டு வேலை செய்துவந்த தாய்மார்கள் ஏராளம். மான்செஸ்டர் அருகே ஒரு மருத்துவமனையில் முதல் நாளன்று சுகாதார அமைச்சர் அனாய்ரின் பெவன் பார்த்த முதல் நோயாளி 13 வயதுச் சிறுமி. பெவன் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுத் தந்தை இறந்ததைக் கண்டவர். அவருடைய ட்ரெடிகர் ஊரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு சிறு தொகையைப் பிடித்துக் கொடுத்து, ஊருக்கே மருத்துவம் கிடைக்கும்படி ஒரு சங்கம் நடத்திவந்தார்கள். அந்த ஊர்ச் சங்கத்தை நாடு முழுவதற்கும் விரித்ததுதான் பெவன் செய்த காரியம்.

இதில் அட்லிக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். பெவனைப் போன்ற முரட்டு எதிர்ப்பாளரை, போர்க்காலத்தில் தன் தலைமையையே விடாமல் தாக்கியவரை, அழைத்து அந்தத் துறையைக் கொடுத்தது அட்லி. மருத்துவர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி எதிர்த்தபோதும் அவரை விட்டுக்கொடுக்காமல் நின்றதும் அட்லி. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சேவை தொடங்குவதற்கு முந்தைய நாள் நடந்தது. அன்று வானொலியில் பேசிய அட்லி, இந்தச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை உருவாக்கியதில் எல்லாக் கட்சிகளுக்கும் பங்கு உண்டு என்றார். சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சியினர் மருத்துவச் சேவை மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்கள். அவர்களுக்கு ஏன் பெருமையைப் பங்கிட வேண்டும் என்பது பெவனின் ஆத்திரம். அன்றே மான்செஸ்டரில் பேசிய பெவன் அக்கட்சியினரைப் புழுப்பூச்சிகளைவிடக் கீழானவர்கள் என்று ஏசினார். அட்லி அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். பெவன் சொன்னது வரலாற்றின்படி சரி. ஆனாலும் தன் கட்சியின் கொடியை ஒரு திட்டத்தின் மேல் ஏற்றிவிட்டால், அடுத்து வருபவர் கொடியை இறக்கும் சாக்கில் திட்டத்தையும் இறக்கிவிடுவார் என்பது அட்லிக்குத் தெரிந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

சோதனை விரைவிலேயே வந்தது. 1951 அக்டோபர் தேர்தலில் தொழிலாளர் கட்சி கன்சர்வேட்டிவ் கட்சியைவிட அதிக வாக்குகள் பெற்றும் இடங்களில் தோற்றது. சர்ச்சில் மீண்டும் பிரதமரானார். மருத்துவச் சேவை பணத்தை விழுங்குகிறது என்ற குற்றச்சாட்டை ஆராய அவருடைய அரசு 1953இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கில்போ தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1956இல் அந்தக் குழு தந்த அறிக்கை, செலவில் ஊதாரித்தனம் இல்லை என்றும், நாட்டின் மொத்த உற்பத்தியில் இச்சேவைக்கான செலவின் பங்கு உயர்வதற்குப் பதில் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. எதிர்த்து வாக்களித்தவர்களே அமைத்த குழு இப்படிச் சொன்ன பிறகு அதன் மேல் கைவைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. இன்றுவரை பிரிட்டனில் எந்தக் கட்சியும் அதை மூடுவேன் என்று சொல்லி வாக்குக் கேட்க முடியாது.

அட்லி செய்த எல்லாமே இப்படி நிலைக்கவில்லை. அவர் அரசுடைமையாக்கிய எஃகுத் தொழில் சில ஆண்டுகளிலேயே தனியாருக்குத் திரும்பியது. நிலக்கரியும் ரயிலும் 1990களில் போயின. பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்று அவருடைய அரசே 1951இல் முடிவெடுத்தபோது பெவன் பதவி விலகினார். கொரியப் போருக்கான ஆயுதச் செலவுக்காக அந்தக் கட்டணம் விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சர்ச்சிலுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். 1940 மே மாதக் கடைசியில் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தபோது, இத்தாலியின் வழியாக ஹிட்லருடன் சமரசத்துக்கு வழி தேடலாம் என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் வாதாடினார்; சர்ச்சில் மறுத்தார். அந்தச் சில நாட்களில் அவர் எடுத்த முடிவை யாராலும் திரும்பக் கலைக்க முடியவில்லை. அவருடைய செயல்திறனுக்கு அதுவே போதிய சான்று. ஐந்து பேர் கொண்ட அந்தப் போர் அமைச்சரவையில் சர்ச்சில் பக்கம் நின்ற இருவரில் ஒருவர் அட்லி என்பதையும் நினைவில் வையுங்கள்.

புகழ் ஒரு பக்கமும் பயன் ஒரு பக்கமும் போவது பிரிட்டனில் மட்டும் நடந்ததல்ல. சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்கு 1990இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1996இல் ரஷ்ய அதிபர் தேர்தலில் நின்றபோது நூற்றுக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. அவரும் அமெரிக்க அதிபர் ரேகனும் 1987இல் கையெழுத்திட்ட ஏவுகணை ஒப்பந்தம் 2019இல் முறிந்துபோனது. அதன்படி அழிக்கப்பட்ட 2,692 ஏவுகணைகள் அழிந்தவைதான். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் அவரை வெற்றியாளர் என்றோ தோல்வியாளர் என்றோ ஒரே சொல்லில் அடைப்பது வேலையில் பாதியை விட்டுவிடுவதாகும்.

அட்லியை யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு இரண்டு கணக்கெடுப்புகள் போதும். 2002இல் பிபிசி நடத்திய பொதுவாக்கெடுப்பில் மிகச் சிறந்த பிரிட்டானியர் என்று மக்கள் தேர்ந்தெடுத்தது சர்ச்சிலை. 2004இல் லீட்ஸ் பல்கலைக்கழகம் அரசியல், வரலாற்றுப் பேராசிரியர்களிடம் 20ஆம் நூற்றாண்டுப் பிரதமர்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது முதலிடம் அட்லிக்கு, இரண்டாமிடம் சர்ச்சிலுக்கு. முதல் கணக்கெடுப்பு மனத்தில் நிற்கும் உருவத்தைக் கேட்டது, இரண்டாவது ஆட்சியைக் கேட்டது. இரண்டுமே உண்மையான பதில்கள். நீங்கள் முதலாவதைக் கொண்டு இரண்டாவதை மறுக்கிறீர்கள்.

இனி, சாய்வு பற்றி. 1943இல் வங்கத்தில் 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தபோது லண்டனில் இருந்த அரசு சர்ச்சிலுடையது. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அட்லி நமக்கு விடுதலையைக் கொடுத்தவர் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. ஓர் இந்தியரைக்கூடச் சேர்க்காமல் 1928இல் வந்து நாடெங்கும் கறுப்புக்கொடி பார்த்த சைமன் குழுவின் ஏழு உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1947 பிப்ரவரி 20 அன்று, 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்த அவரே, மவுண்ட்பேட்டன் அந்த நாளைப் பத்து மாதங்கள் முன்னுக்கு இழுத்தபோது ஒப்புக்கொண்டார். அதற்குமுன் இந்தியாவுக்கே வந்திராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஜூலை 8 அன்று வந்து இறங்கி ஐந்து வாரங்களில் போட்ட எல்லைக்கோடு, விடுதலைக்கு இரண்டு நாட்களுக்குப் பிறகே வெளியிடப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள், பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். வெளியேறியது சரி, வெளியேறிய விதத்துக்கு அட்லியும் பொறுப்பு.

வாக்குரிமை இல்லாதவர்களிடம் ஒரு தலைவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் கணக்கில் சேர்க்காமல் எந்த மதிப்பீடும் முழுமையாகாது. போரில் கடனாளியாகிப்போன பிரிட்டனுக்கு மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் ஈட்டித்தந்த டாலர் உயிர்நாடியாக இருந்தது. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். 1948 ஜூனில் அங்கே அவசரகாலச் சட்டம் வந்தது. மலாயாத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சைப் பகுதியிலிருந்து கடல் கடந்து போன தமிழர், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு செய்த முறையீடு பலிக்கவில்லை. அப்போது லண்டனில் ஆட்சியிலிருந்தது தொழிலாளர் பெயரால் அமைந்த கட்சி, பிரதமர் அட்லி.

சென்ற இதழ்க் கட்டுரையில் அட்லியின் மருத்துவச் சேவைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய நான் கணபதியின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. சாய்வு என்று நீங்கள் சுட்டியிருக்க வேண்டிய இடம் அதுதான், அந்தத் தவறு என்னுடையது. செயல்திறனில் அட்லிக்குக் கொடுத்த இடத்தை நான் மாற்றவில்லை. அந்தக் கட்டுரை தொகுப்பு நூலில் சேரும்போது புடு சிறையைப் பற்றிய பகுதியும் சேர்ந்தே வரும்.