சொந்தமாகப் புத்தகம் போட்டால் கையில் என்ன நிற்கும்?

சிறுகதை எழுதுபவர்: அக்கா, பதிப்பகம் தருவது பிரதி விலையில் 10 சதவீத ராயல்டி. அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போட்டால் 70. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில்: இருக்கிறது தம்பி. இந்திய விற்பனைக்கு அந்த 70 கிடைக்க, மின்னூலின் விலை 99 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்திலும் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது (அச்சுப் பிரதிக்குத் தடையில்லை). மலிவாக வைத்தால் நிறையப் போகுமென்று 49 ரூபாய் போட்டால் 35 சதவீதம்தான். பிரதிக்கு 17 ரூபாய்கூடத் தேறுவது சந்தேகம். 200 ரூபாய் அச்சுப் புத்தகத்துக்குப் பதிப்பகம் தரும் 20 ரூபாயே மேல்!

கவிஞர்: நானே 300 பிரதி அச்சடித்தால்?

பதில்: பிரதிக்கு 80 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24,000 ரூபாய் முதல். விலை 200, கடைக்காரர் கழிவு 40 சதவீதம் போனால் கைக்கு 120. 200 பிரதி விற்றால்தான் போட்ட பணமே திரும்பும். 240 பிரதி வரைக்கும் பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்கும் ராயல்டிதான் அதிகம். 300-உம் விற்றுத் தீர்ந்தால் சொந்த வெளியீட்டில் 12,000, பதிப்பக ராயல்டியில் 6,000. தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்றால் கழிவு மிச்சம், கணக்கே மாறிவிடும். ஆனால் கவிதைத் தொகுப்பு 240 பிரதி போகுமா என்பதை மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் பணம் தர எடுத்துக்கொள்ளும் காலத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஆசிரியை: பதிப்பகமே என்னிடம் பணம் கேட்கிறது. ராயல்டி 10 சதவீதமாம்.

பதில்: முதல் போடுவது நீங்கள் என்றால் அது சுயவெளியீடுதான், அட்டையில் இருப்பது அவர்கள் பெயர். அப்புறம் 10 சதவீதம் எதற்கு? அச்சான பிரதிகள் யாருக்குச் சொந்தம், நூலகங்களுக்குப் பிரதி வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் பணம் யாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொருவர்: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணமா?

பதில்: இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

நாவலாசிரியர்: வாசகர் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் காசு வருமா?

பதில்: படிக்கப்படும் பக்கத்துக்குக் காசு. அமேசான் மொத்தமாக ஒதுக்கும் நிதியிலிருந்து பிரித்துத் தருவதால், பக்கத்துக்கான தொகை மாதாமாதம் மாறும். 400 பக்கக் குடும்ப நாவலும் அதன் இரண்டாம் பாகமும் வைத்திருப்பவருக்குத் தோதான இடம். மெலிந்த புத்தகத்துக்குச் சரிப்படாது.