வாரை இழுத்தால் ஓடுகிறது, உதைத்தால் நிற்கிறது

தம்பி, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த, நலமடித்த ஆண்குதிரை ஒன்றை வன்னியில் இருக்கும் மாங்குளத்துக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். குதிகாலால் உதைத்தால் அசையாமல் நிற்கிறது, ஓடத் தொடங்கினால் கடிவாள வாரை இழுக்க இழுக்க வேகம் கூடுகிறது, பக்கத்து வளவு ஐயா முறுக்குக் கம்பிக் கடிவாளம் போடச் சொல்கிறார், போடலாமா என்று கேட்கிறீர்கள். போடாதீர்கள்.

முதலில் நோ இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளந்தண்டின் இரு பக்கமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னுக்குச் சாய்த்து வாலைச் சுழற்றினாலோ அந்த இடம் நோகிறது, சேணம் பொருந்தாமல் இருக்கலாம் என்று எடுங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதும் உண்டு, அதை மிருக வைத்தியர்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாகாமல் பழக்கத் தொடங்க வேண்டாம்.

இழுத்தால் ஏன் ஓடுகிறது என்றால், அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். பந்தயத்தில் ஓட்டுபவர் இரண்டு வாரையும் இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் வாயைச் சாய்த்துக்கொண்டு வேகமெடுக்கும். நீங்களும் பயத்தில் அதையேதான் செய்கிறீர்கள், அதுவும் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. பாவம், அதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது?

உதைக்கு அசையாததும் தோல் மரத்துப்போனதால் இல்லை. ஒரு இலையான் வந்து இருந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதைக் கலைத்துவிடும், அவ்வளவு உணர்ச்சி அதற்கு. நடந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் உதைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று முடிவெடுத்துவிடுகிறது. குதிரை படிப்பது அழுத்தத்தால் இல்லை, அழுத்தத்தை நாம் விடுகிற அந்தக் கணத்தால். சரியானதைச் செய்த உடனேயே விட வேண்டும். இரண்டு மூன்று செக்கன் பிந்தினாலே எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் பிடிபடாது.

ஏறுவதை நிறுத்திவிட்டுத் தரையில் தொடங்குங்கள். முன்னால் சற்றுப் பக்கமாக நின்று, தலைக்கயிற்றை மெதுவாகக் குதிரையின் நெஞ்சுப் பக்கமாகப் பின்னோக்கி அழுத்தி, கூட்டாமல் குறைக்காமல் அப்படியே பிடித்திருங்கள். தலையைத் தூக்கும், தள்ளிப் பார்க்கும், பேசாமல் இருங்கள். பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றினாலே போதும், காலைத் தூக்கும்வரை காத்திராமல் கையைத் தளர்த்திக் கழுத்தைத் தடவிக் கொடுங்கள். பிறகு ஒரு அடி, பிறகு இரண்டு அடி என்று கேட்கலாம். விரல் பாரத்துக்கே இப்படிப் பின்னுக்குப் போகத் தொடங்கிய பிறகு ஏறுங்கள். கெண்டைக்காலால் லேசாகத் தொடுங்கள், பதில் இல்லையென்றால் காலுக்குப் பின்னால் சிறு தடியால் தட்டுங்கள், ஒரு அடி வைத்ததும் காலையும் தடியையும் எடுத்துவிடுங்கள். உதை வேண்டாம். காலால் போகச் சொல்லிக்கொண்டே கையால் இழுத்துப் பிடிப்பது பெரிய பிழை, நல்ல குதிரைகள் கெட்டுப்போவது அதனால்தான்.

நிறுத்துவதற்கு, நிமிர்ந்து இருந்து மூச்சை விட்டு, ஒரு வாரை மட்டும் பக்கவாட்டில் எடுத்துக் கழுத்தை வளையுங்கள். கால்கள் நின்றதும் விடுங்கள். நடையில் நன்றாகப் படிந்த பிறகே சிறு ஓட்டத்தில் செய்யுங்கள். பாய்ந்து ஓடும்போது சட்டென்று தலையைத் திருப்பினால் இருவரும் விழுவீர்கள்.

வெயில் ஏறுமுன் இருபது நிமிடம் போதும். நன்றாகச் செய்த இடத்தில் இறங்கிச் சேணத்தைக் கழற்றுங்கள், மறுநாள் உங்களைக் கண்டால் ஒதுங்காது. தனியாகவும் கட்டாதீர்கள், கூட்டமாக வாழும் பிராணி, துணைக்கு ஒரு ஆடாவது நிற்கட்டும்.

வன்னியில் இன்னொரு தொல்லை, பற்றைக்குள் இருந்து திடீரென்று எழும்பும் மயிலும், லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் சத்தமும். மிரண்டால் அடிக்கவும் வேண்டாம், கிட்டக் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். திரும்பிப் பார்க்க விடுங்கள், தானாக ஒரு அடி முன்னால் வைத்தால் வாரைத் தளர்த்தி அங்கேயே ஓய்வு கொடுங்கள். லாண்ட்மாஸ்டரை முதலில் தூரத்தில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு பழக்குங்கள்.