18 டன் பிரஸ் மெஷினை டர்பனிலிருந்து ஜெர்மிஸ்டனுக்குத் திறந்த டிரெய்லரில் கொண்டுபோக எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து கப்பலில் ஒரு பிரஸ் மெஷின் வருகிறது, எடை 18 டன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டனில் இருக்கும் உங்கள் பட்டறைக்குத் திறந்த டிரெய்லரில் கொண்டுபோக வேண்டும், இது உங்களுக்கு முதல் தடவை.

தூத்துக்குடியில் ஆறு வருஷம், டர்பனில் பதினான்கு வருஷம் எனக்கு இதே வேலைதான். கன்டெய்னருக்குள் அடங்காத சரக்கைக் கப்பலிலிருந்து இறக்கி ரோட்டில் ஏற்றுவது. முதல் தடவை அனுப்புகிறவர்கள் எல்லோரும் எடையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நீங்களும் 18 டன் என்றுதான் சொல்கிறீர்கள். உயரம், அகலம் இரண்டையும் சொல்லவில்லை. 18 டன் இங்கே பெரிய எடை இல்லை. பின்னால் மூன்று ஆக்சில் உள்ள சாதாரண பிளாட்டெக் (தட்டையான திறந்த தளம் உள்ள) டிரெய்லர் 28 டன் வரை ஏற்றும். உங்கள் சரக்கை நிறுத்தி வைக்கக் கூடியது உயரமும் அகலமும்தான்.

தென்னாப்பிரிக்காவில் லாரியும் சரக்கும் சேர்ந்த உயரம் 4.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. கனரக வண்டிகளுக்கு அகலம் 2.6 மீட்டர். ஒற்றை டிரெய்லர் இழுக்கும் லாரியின் மொத்த நீளம் 18.5 மீட்டர். இரண்டு டிரெய்லர் கோத்த சூப்பர்லிங்க்குக்கு 22 மீட்டர், மொத்த எடை 56 டன். இதற்குள் அடங்கினால் சாதாரண லோடு, மறுநாளே கிளம்பலாம். ஒரு சென்டிமீட்டர் தாண்டினாலும் 'அப்நார்மல்', அதாவது அளவு மீறிய லோடு ஆகிவிடும், கதையே வேறு.

இதில் பலரும் மறப்பது டிரெய்லரின் தளத்தை. சாதாரண பிளாட்டெக்கின் தளமே தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சரக்குக்கு மிஞ்சுவது 2.8 மீட்டர்தான்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் டர்பன் துறைமுகத்து மேடன் வார்ஃபில் ஒரு பாய்லர் டிரம் வந்து இறங்கியது. அனுப்பியவர்கள் கொடுத்த வரைபடத்தில் உயரம் 2.70 மீட்டர். தளத்தோடு கூட்டினால் 4.20. பத்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று நம்பி பிளாட்டெக்கைப் பதிவு செய்தேன், கிரேனையும் வரச் சொல்லிவிட்டேன். இறங்கிய பிறகு டேப் வைத்துப் பார்த்தால் டிரம்முக்கு அடியில் 15 சென்டிமீட்டர் மரச்சட்டம். தலையில் கிரேன் கொக்கி மாட்டுவதற்காக வெல்டிங் செய்த காது, அது 12 சென்டிமீட்டர். இரண்டும் வரைபடத்தில் இல்லை. மொத்தம் 4.47 மீட்டர். லாரி காலியாகத் திரும்பியது, கிரேனுக்கு முழுநாள் வாடகை, தளம் தாழ்ந்த லோபெட் கிடைக்கும்வரை மூன்று நாள் துறைமுக வாடகை. சரக்குக்காரர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை, ஆலை எப்போது ஓடும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அன்றிலிருந்து பேக்கிங் லிஸ்டை நம்பி லாரி பேசுவதில்லை. சரக்கு கிளம்பும் ஊரிலேயே, பேக்கிங் முடிந்த பிறகு, யாராவது டேப் பிடித்து அளந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். மரச்சட்டத்தின் அடியிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் காது வரை. அகலமும் அப்படித்தான். போல்ட் தலை, ஆயில் பைப், ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலக்ட்ரிக் பெட்டி எல்லாம் சேர்த்து. சென்னையில் உங்களுக்கு ஆள் இருப்பார்கள்தானே, அவர்களை இதற்காகவே ஒரு நடை போகச் சொல்லுங்கள்.

அளவு தாண்டினால் என்ன செய்வது? முதலில் கழற்றக் கூடியதைக் கழற்றுங்கள். அப்நார்மல் அனுமதியின் அடிப்படையே, பிரிக்க முடியாத சரக்குக்கு மட்டும்தான் விலக்கு என்பது. மோட்டாரைக் கழற்றினால் 2.6 மீட்டருக்குள் வந்துவிடும் என்றால், மோட்டாரோடு சேர்த்து அனுமதி கேட்பதில் அர்த்தம் இல்லை. அடுத்தது, பிரஸ்ஸைப் படுக்க வைத்து அனுப்ப முடியுமா என்று தயாரித்தவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பெரிய பிரஸ்கள் பல படுத்துத்தான் பயணம் செய்கின்றன. உயரப் பிரச்சினை தீரும், சாயும் பயமும் குறையும். ஆனால் ஹைட்ராலிக் ஆயிலை முழுக்க வடிக்க வேண்டும், ஜெர்மிஸ்டனில் அதை நிமிர்த்த இரண்டு கொக்கியில் தூக்கத் தெரிந்த கிரேன் ஆட்கள் வேண்டும், உங்கள் பட்டறைக் கதவும் கூரையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

எதுவும் முடியவில்லை என்றால் லோபெட்டும் அனுமதியும்தான். லோபெட்டின் தளம் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், அரை மீட்டர் லாபம். அகலம் தாண்டினால் எந்த டிரெய்லரும் உதவாது, அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அதை மாகாணங்கள் தனித்தனியாகக் கொடுக்கின்றன. என்3 சாலை குவாசூலு-நட்டாலில் ஆரம்பித்து, ஃப்ரீ ஸ்டேட் வழியாகப் போய், வில்லியர்ஸ் பக்கத்தில் வால் ஆற்றைக் கடந்து ம்புமலாங்காவைத் தொட்டு, அப்புறம்தான் கௌடெங்குக்குள் நுழைகிறது. 570 கிலோமீட்டருக்குள் நான்கு மாகாணம். முன்னும் பின்னும் 'அப்நார்மல்' பலகை, மஞ்சள் சுழல் விளக்கு, அகலம் கூடக் கூட வழிகாட்டி வண்டி. பொதுவாக இருட்டிய பிறகு ஓட முடியாது. ஈஸ்டர், டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தில் நிறுத்தி வைப்பார்கள். உங்கள் கப்பல் டிசம்பர் நடுவில் வருகிறது என்றால் தேதியை இப்போதே மாற்றப் பாருங்கள்.

சரி, இப்போது கட்டுவதற்கு வருகிறேன். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் போவது பணம் மட்டும் இல்லை.

எங்கள் யார்டில் லாஷிங் (சரக்கைக் கட்டும் வேலை) பார்க்கும் பெரியவர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்காரர். அவர் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், தமிழில் அவரிடம் மிஞ்சியிருப்பது கோயில் பாட்டும் உறவுச் சொற்களும். என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணா என்பேன். தைப்பூசக் காவடிக்கு அவர் கோயில் தேரின் சட்டத்தைக் கட்டுவதும் அவர்தான். நான் வந்த முதல் மாதம் ஒரு ராட்செட் பெல்ட்டை என் கையில் கொடுத்து லேபிளைப் படிக்கச் சொன்னார். 5,000 என்று படித்தேன். அதற்குக் கீழே இருப்பதையும் படி என்றார். எஸ்.டி.எஃப் 350 என்று இருந்தது.

அந்த இரண்டு எண்ணின் வித்தியாசம் தெரியாமல்தான் பலர் சரக்கைக் கட்டுகிறார்கள். 5,000 என்பது பெல்ட் தாங்கக் கூடிய இழுவை, ஏறக்குறைய 5 டன். ஆனால் சரக்கின் மேலே போட்டுக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் ஏறும் இழுவை 350 கிலோ அளவுதான். சரக்கைத் தளத்தோடு அழுத்துவது அதை நம்பித்தான். பெல்ட் செங்குத்தாக இல்லாமல் தளத்தோடு 30 டிகிரி கோணத்தில் படுத்துப் போனால் அந்த அழுத்தமும் பாதியாகக் குறையும். நான்கு பெல்ட் மேலே போட்டுவிட்டு 20 டன் பிடித்துவிட்டது என்று நினைப்பது அதனால்தான் ஆபத்து.

உங்கள் 18 டன்னுக்கே கணக்குப் போடுவோம். திடீர் பிரேக்குக்கு, சரக்கு எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டுக்கும் பின்னாலும் 0.5 பங்கு. அப்படியானால் முன்னால் 14.4 டன். மரக்கட்டை மேல் வைத்தால் உராய்வு 0.4 என்று கொள்ளலாம், அது 7.2 டன்னைப் பிடிக்கும். மீதி 7.2 டன்னைச் சங்கிலியோ முட்டுக்கட்டையோ பிடிக்க வேண்டும். அதே சரக்குக்கு அடியில் வழுக்காத ரப்பர் மேட் போட்டால் உராய்வு 0.6. மீதி 3.6 டன்தான், பாதி வேலை முடிந்தது. மேட்டின் விலை கிரேனின் ஒரு மணி நேர வாடகைகூட ஆகாது. இரும்பை நேராக இரும்புத் தளத்தில் மட்டும் வைக்க விடாதீர்கள், அதிலும் மழையில் நனைந்த தளம் என்றால்.

இந்த எடைக்கு பெல்ட் வேண்டாம், சங்கிலி கேளுங்கள். கிரேடு 80 சங்கிலி 10 மில்லி என்றால் ஒன்று 6.3 டன் தாங்கும், 13 மில்லி 10 டன். மேலே போடாமல், மெஷினின் நான்கு மூலையிலிருந்தும் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று குறுக்காக இழுத்துக் கட்ட வேண்டும். டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போவது ஏற்றம். பீட்டர்மரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லிலும் வான் ரீனன்ஸ் கணவாயிலும் சரக்கு பின்னால்தான் அழுத்தும். பின்னாலும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், எந்த இடத்தில் சங்கிலி மாட்டலாம் என்று தயாரித்தவர்களே குறித்துத் தர வேண்டும். ஆயில் பைப்பிலும் வழிகாட்டித் தண்டிலும் சங்கிலி சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

நிமிர்ந்த பிரஸ்ஸுக்கு மேல்பாகம்தான் கனம். எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். அந்த உயரம் அடிப்பாகத்தின் அகலத்தைவிட அதிகம் என்றால், வளைவில் அது கவிழக் கூடும். அப்போது சங்கிலியை மேற்பகுதியிலிருந்து இருபுறமும் இழுத்துக் கட்டியாக வேண்டும். இன்னொன்று, 18 டன்னும் இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்தால் டிரெய்லரின் நடு உத்திரம் வளையும். நீளவாக்கில் கனமான கட்டையோ இரும்பு உத்திரமோ போட்டு எடையைப் பரப்பச் சொல்லுங்கள்.

கிளம்பிய ஒரு மணி நேரத்தில் ஓட்டுநர் ஒரு தடவை நிறுத்தி எல்லாச் சங்கிலியையும் மறுபடி இறுக்க வேண்டும். குலுங்கக் குலுங்க கட்டை அமுங்கும், கட்டு தளரும். அண்ணா கிளம்பும் முன் ஒவ்வொரு சங்கிலியையும் சின்னச் சுத்தியலால் தட்டுவார். நன்றாக இறுகியது கணீர் என்று சொல்லும், தளர்ந்தது சத்தமே போடாது. ஓட்டுநர்களுக்கும் இதைப் பழக்கி வைத்திருக்கிறார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தார்ப்பாய் மட்டும் போதாது, காற்றில் அடித்து அடித்து அதுவே பெயின்ட்டைத் தேய்க்கும். பளபளப்பான பாகங்களுக்கெல்லாம் கிரீஸ், எலக்ட்ரிக் பெட்டிக்குத் தனி உறை. வான் ரீனன்ஸ் பக்கம் மூடுபனி சகஜம். 2024 செப்டம்பரில் பனி பெய்து என்3 மூடியே விட்டது, வண்டிகள் இரவெல்லாம் நின்றன. ஒருநாள் தாமதத்தை மனதில் வைத்துக் கிரேனைப் பேசுங்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆகும் சேதம் அடங்குமா? பல பாலிசிகளில் அடங்காது. இரண்டாவது, சாஸ்ரியா சேர்ந்திருக்கிறதா? கலவரச் சேதத்தை இங்கே சாதாரண பாலிசி ஏற்காது, அரசு நிறுவனமான சாஸ்ரியாதான் ஏற்கும். 2021 ஜூலை கலவரத்தில் என்3 சாலையில் மூய் ரிவர் பக்கம் லாரிகளைக் கொளுத்தியபோது எங்கள் லோடு ஒன்று ஹாரிஸ்மித்தில் நின்றிருந்தது. அந்த இரவு முழுக்க ஓட்டுநரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

பிரஸ்ஸின் மாடலும், பேக்கிங் செய்த பிறகு மரச்சட்டத்தோடு சேர்த்து உயரம், அகலம், நீளமும் தெரிந்ததும் இங்கேயே கீழே எழுதுங்கள். பிளாட்டெக்கா லோபெட்டா, எத்தனை சங்கிலி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.