வாசகர் கேள்வி – பதில்: வேட்டையும் பண்ணையாளரின் நம்பிக்கையும்

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பில்லிங்ஸ் நகரில் பணிபுரிகிறேன். உடன் வேலை பார்க்கும் நண்பர்களோடு ஒரு பண்ணையில் சில ஆண்டுகளாக மான் வேட்டைக்குச் சென்று வந்தோம். பண்ணையாளர் பணம் ஏதும் வாங்கியதில்லை. சென்ற பருவத்தில் எங்களுள் ஒருவர் கேட்காமலே ஒரு புதியவரை அழைத்து வந்தார். மழையில் ஊறிக் கிடந்த பாதையில் இருவரும் பிக்கப் வண்டியை ஓட்டிச் சென்றதோடு, வேலிக்கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டனர். இந்த ஆண்டு எங்கள் குழுவில் யாருக்கும் அனுமதி இல்லை என்று பண்ணையாளர் சொல்லிவிட்டார். தவறு செய்யாத நாங்கள் ஏன் தண்டனை பெற வேண்டும்? அவர் நம்பிக்கையை மீண்டும் பெற வழி உண்டா?

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் பண்ணையாளரின் முடிவு நியாயமானது என்றே சொல்வேன். அமெரிக்கச் சட்டத்தில் காட்டு மான் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லை. மக்கள் சார்பில் மாநில அரசு அதைப் பொதுச் சொத்தாகக் காத்து வருகிறது. அந்த மான் மேயும் நிலமோ தனியாருடையது. வேட்டை உரிமத்தை அரசு தரலாம். நிலத்தில் கால் வைக்கும் அனுமதியைப் பண்ணையாளர்தான் தர வேண்டும். அறிவிப்புப் பலகை இல்லாத தனியார் நிலமானாலும் அனுமதியின்றி அங்கே வேட்டையாடக் கூடாது என்பது மொன்டானா சட்டம். உங்கள் பண்ணையாளர் அந்த அனுமதியை ஒரு குழுவை நம்பிக் கொடுத்தார். அக்குழுவில் யார் நல்லவர், யார் பொறுப்பற்றவர் என்று விசாரித்துப் பிரித்துப் பார்க்கும் வேலையை அவர் தலையில் கட்டுவது முறையாகாது.

நகரத்திலிருந்து வருபவருக்குத் திறந்து கிடக்கும் கதவு ஒரு சின்ன மறதியாகத் தோன்றலாம். பண்ணையில் அது என்ன செய்யும் என்று பாருங்கள். மொன்டானாவின் துப்பாக்கி வேட்டைப் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி, நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டி முடிகிறது. கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பால் மறக்கச் செய்வதும், காளைகளைத் தனியே ஒதுக்கி வைப்பதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். கதவு வழியே இளம் கிடாரிகள் காளைகள் நிற்கும் பக்கம் போய்விட்டால், வசந்தத்தில் பிறக்க வேண்டிய கன்றுகள் ஒன்பது மாதம் கழித்து ஆகஸ்டில் பிறக்கும். பனிக்காலத்துக்குள் அவை தேறுவது கடினம். பக்கத்துப் பண்ணையின் மாடுகளோடு கலந்துவிட்டால், சூட்டுக்குறியைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து ஓட்டி வருவதற்கு ஆளும் குதிரையும் நாளும் தேவைப்படும். எந்தக் கதவும் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. மாடுகள் தண்ணீருக்குப் போவதற்காகப் பண்ணையாளரே திறந்து வைத்த கதவை, நல்ல எண்ணத்தோடு மூடிவிடுவதும் அதே அளவு கேடு.

பாதையும் அப்படித்தான். கிழக்கு மொன்டானாவின் களிமண் நனைந்தால் சக்கரம் ஒரு முழ ஆழத்துக்கு இறங்கும். அந்தத் தடம் குளிரில் கல்லாக இறுகிவிட்டால், பனிக்காலத்தில் மாடுகளுக்கு வைக்கோல் கொண்டு போகும் வண்டி அதில் தடுமாறும். வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டிவரும் நாப்வீட் போன்ற களைகளின் விதை விழுந்து முளைத்தால், ஆண்டுக்கணக்கில் மருந்தடித்தும் அதை ஒழிப்பது அரிது. காய்ந்த ஆண்டுகளில் சூடேறிய புகைக்குழாய் உரசியே புல்வெளி தீப்பற்றுவதும் உண்டு.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பருவம் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்னதாக, தொலைபேசியில் அன்றி நேரில் செல்லுங்கள். நடந்ததை மறைக்காமல், இன்னார் இதைச் செய்தார் என்று சொல்லுங்கள். குழுவில் ஒருவர் செய்ததற்கு மற்றவர்களும் பொறுப்பு என்பதை ஒப்புக்கொண்டு, பாதையைச் சமன் செய்யவும் வேலியைச் சீராக்கவும் ஒரு நாள் உழைப்பைத் தர முன்வாருங்கள். அந்தச் சந்திப்பிலேயே மீண்டும் அனுமதி கேட்காதீர்கள்; கேட்டால், முன்பு சொன்ன மன்னிப்பெல்லாம் அதற்கான முன்பணமாகிவிடும். அந்த நண்பரைக் குழுவிலிருந்து விலக்குவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அறிவேன். அதைச் செய்யாமல் பண்ணையாளர் முன் நிற்பதில் பயனில்லை. பிறகு என்றேனும் அனுமதி கிடைத்தால், யார் யார், எந்த நாள், எந்த வண்டி என்பதை எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவரைத் தம்பி, மைத்துனர் என்ற உறவைச் சொல்லிக்கூட அழைத்துச் செல்லாதீர்கள்.

இந்த ஆண்டு வேட்டைக்கு வேறு இடம் வேண்டுமானால், மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறையின் 'பிளாக் மேனேஜ்மென்ட்' திட்டத்தைப் பாருங்கள். 1985இல் தொடங்கிய இத்திட்டத்தில் சுமார் 70 லட்சம் ஏக்கர் நிலம் வேட்டைக்காரர்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. உரிமையாளருக்கு ஏற்படும் சிரமத்துக்கு அரசு ஈடு தருகிறது. சில இடங்களில் நுழைவாயிலில் உள்ள பெட்டியில் பெயரைப் பதிந்தால் போதும். சில இடங்களில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும். நடந்து மட்டுமே செல்லலாம் என்பது போன்ற விதிகளை அங்கும் உரிமையாளரே வகுக்கிறார். விரும்பாதபோது திட்டத்திலிருந்து விலகவும் அவருக்கு உரிமை உண்டு.

கேள்வி: மொன்டானாவில் என்னுடன் வேட்டைக்கு வரும் ஒருவர் சாலையில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே மானைச் சுட்டதைப் பார்த்தேன். குண்டடி பட்ட மான் பக்கத்து நிலத்துக்குள் ஓடிவிட, அவர் தேடாமலே கிளம்பிவிட்டார். காட்டிக்கொடுப்பது நட்புக்குத் துரோகமாகாதா?

பதில்: ஆகாது. பொதுச் சாலையிலிருந்து மானைச் சுடுவது மொன்டானாவில் குற்றம். காயம்பட்ட விலங்கைத் தேடிப் பிடிக்க எல்லா முயற்சியும் எடுப்பது வேட்டைக்காரரின் முதற்கடமை. அது வேலி தாண்டிவிட்டால், அந்த நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தொடர வேண்டும். இரவு வேளையில் கதவைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பெரும்பாலான பண்ணையாளர்கள் மறுப்பதில்லை. ஓர் உயிர் துடித்துக் கிடப்பதை அவர்களும் விரும்புவதில்லை. அந்த அனுமதியைக்கூடக் கேட்காமல் போனவர்மீது எனக்குப் பரிவு வரவில்லை.

வேட்டைக் குற்றங்களைத் தெரிவிப்பதற்கான 'டிப்-மாண்ட்' என்ற கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையில், பெயர் சொல்லாமலே நீங்கள் தகவல் தரலாம். இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றை மட்டும் சரியாகக் குறித்து வையுங்கள். பின்தொடர்வதையும் வாக்குவாதம் செய்வதையும் தவிர்த்து, மற்றதை வனவிலங்குக் காவல் அதிகாரியிடம் விடுங்கள். ஒரு மாநிலத்தில் உரிமத்தை இழந்தவர் அடுத்த மாநிலத்தில் வாங்கிக்கொள்ள முடியாதபடி, மாநிலங்கள் தமக்குள் வனவிலங்குக் குற்றவாளிகள் குறித்த ஓர் உடன்படிக்கையையும் வைத்திருக்கின்றன. அத்தோடு, அந்த நிலத்துக்காரரிடமும் நீங்களே சென்று சொல்லிவிடுங்கள். அழுகிய உடலை அவரே கண்டெடுத்தால், அந்தச் சாலையில் வரும், வேட்டைக்கான ஆரஞ்சு மேலங்கி அணிந்த எல்லோரையும் ஒன்றாகவே எண்ணுவார்.

கேள்வி: டெக்சாசில் ஆண்டுக் குத்தகைக்குப் பணம் கட்டித்தான் வேட்டையாடுகிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும். டெக்சாஸ் நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியாருடையது என்பதால் அங்கே குத்தகை முறை வேரூன்றியிருக்கிறது. ஆனால் நீங்கள் பணம் கொடுத்துப் பெற்றது ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வேட்டை உரிமை மட்டுமே. உங்கள் குண்டு எல்லை தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போனால், இரு பக்க உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாதவரை அது குற்றமாகும். மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறக் கோட்டைக் கண்டால், 'உள்ளே வராதே' என்ற பலகைக்கு அது சமம். 1997 முதல் அங்கே அது சட்டம். விருந்தினர் எத்தனை பேர், தீ மூட்டலாமா, கழிவிறைச்சியை எங்கே புதைப்பது என்பவற்றைக் கையெழுத்திடும் முன்பே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.